உங்கள் ஊர்ப் பழங்கல்லைக் கடலும் மழையும் தின்பதற்குள் பதிவு செய்வது எப்படி

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேன்ஸ்போர்க் கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து கடலோரமாகக் கொஞ்சம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் வரும். கோட்டையைவிட முந்நூறு வருடம் மூத்தது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. அந்தக் கோயிலின் முன்பகுதி இன்றைக்கு இல்லை. யாரும் இடிக்கவில்லை, கடல் எடுத்துக்கொண்டது. எடுத்த கல்லில் என்ன எழுதியிருந்தது என்று இனிமேல் கல்லிடம் போய்க் கேட்க முடியாது. முன்னாடியே யாராவது படியெடுத்தோ படம் பிடித்தோ வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்த "யாராவது" நீங்களாக இருப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. நான் தொல்லியல் படித்தவன் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டேப்பும் கைபேசியும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆள், அவ்வளவுதான். தப்பாகச் செய்து செய்துதான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்தத் தப்புகளைச் செய்ய வேண்டியதில்லை.

என்னதான் நடக்கிறது

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை எங்கேயாவது இறக்கி வைத்துத்தானே ஆக வேண்டும், அதைப் பழையபடி ஐப்பசி, கார்த்திகை முழுக்க நிதானமாகப் பெய்யாமல் ஒரே ராத்திரியில் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது நினைவிருக்கும். கொற்கை, ஆதிச்சநல்லூர், சிவகளை எல்லாம் அதே தாமிரபரணிச் சீமைதான். மண்மேட்டுக்குள் தாழிகளும் பானை ஓடுகளும் புதைந்து கிடக்கிற பூமியில் அப்படி ஒரு மழை இறங்கினால் எது எங்கே உருண்டு போகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு ஒரு வருடம் முன்பு, 2022 ஆகஸ்டில், மொகஞ்சதாரோவில் பத்தே நாளில் 780 மில்லிமீட்டர் வரை பெய்தது. ஐயாயிரம் வருடத்தை நெருங்குகிற செங்கல் சுவர்கள் சில அந்தப் பத்து நாளில் சரிந்தன.

கடல் வேறு மாதிரி வேலை செய்கிறது. 1901-இலிருந்து 2018 வரைக்கும் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஒரு சாண்தானே என்று தோன்றும். தட்டையான நம் கடற்கரையில் அந்த ஒரு சாண் மேல் ஏறிக்கொண்டு புயல் அலை வரும்போதுதான் அதன் அர்த்தம் புரியும்.

யாரும் கவனிக்காத மூன்றாவது ஆள் உப்பு. கடல் காற்று கொண்டுவருகிற உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கரையும், கீழே இறங்கினால் திரும்பப் படிகமாகும். படிகமாகும்போது உள்ளே இடம் கேட்டு நெட்டும், கல் உள்ளிருந்து வெடித்து மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிரும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் மழுங்கிப்போன முகங்களைப் பார்த்து "பழசு, அதான்" என்கிறோம். அதைவிடப் பழசான அர்ச்சுனன் தபசு கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, அதில் யானை, பூனை, முனிவர் எல்லாம் மூக்கும் முழியுமாக நிற்கிறார்கள். காரணம் வெறும் வயது இல்லை. கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையினர் அவ்வப்போது காகிதக் கூழை ஈரமாகக் கல்மேல் அப்பி, காயவைத்து, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். உங்கள் ஊர்க் கடலோர மண்டபத்துக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டாதீர்கள். நம் கிழக்குக் கரையில் மணல் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. நடுவில் ஒரு துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் சுவர்) வைத்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் அதனால்தான். புதுச்சேரிக் கடற்கரை மணலை இழந்த கதையும் இதுதான். அதனால் உங்கள் இடத்தில் அரிப்பு இருந்தால், தெற்கே எங்கே கல் கொட்டியிருக்கிறார்கள் என்றும் குறித்து வையுங்கள். ஏறுகிற கடல், மணல் தடுக்கிற சுவர் இரண்டும் சேர்ந்துதான் அடிக்கின்றன. மனு எழுதும்போது இது உதவும்.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலை விட்டுவிடுங்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாதது எது என்று பாருங்கள். வயல் வரப்பில் சாய்ந்து நிற்கிற நடுகல், ஏரி மடைத்தூணில் நாலு வரி எழுத்து, ஆற்றங்கரை மண் சரிந்த இடத்தில் எட்டிப் பார்க்கிற உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டியது), பழைய பள்ளிவாசல் அடக்கத்தலமான மையவாடியில் எழுத்துள்ள மீசான் கல் எனும் கல்லறைக் கல், கடலோரத் தேவாலயத்துக் கல்லறைப் பலகை, நத்தம் மேட்டில் மழைக்குப் பின் மேலே வரும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, இதெல்லாம் ஊருக்கு ஊர் உண்டு.

இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆரம்பத்தில் ஒரே மாதத்தில் பத்தொன்பது இடம் போய் வந்தேன், எல்லாவற்றையும் அழகாகப் படம் எடுத்தேன், பிறகு எதற்குமே திரும்பப் போகவில்லை. அந்தப் படங்களால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு தடவை எடுத்தால் அது சுற்றுலாப் படம். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் மூன்று மழைக்காலம் எடுத்தால்தான் அது சாட்சி.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் 2012-இலிருந்து சில ஆண்டுகள், கடலோரத் தொல்லிடங்களை ஊர்க்காரர்களே கைபேசி ஆப்போடு போய்ப் பார்த்து நிலைமையைப் பதிவு செய்கிற வேலையைப் பெரிய அளவில் நடத்தினார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் ஆயிரக்கணக்கில், துறையில் ஆட்கள் கொஞ்சம், அதனால் ஊரைக் கூப்பிட்டார்கள். நம் கதையும் அதேதான், கூப்பிடத்தான் ஆள் இல்லை. நாமே போக வேண்டியதுதான்.

முதலில் டீக்கடை, அப்புறம் கேமரா

நேராகப் போய்க் கல் முன்னால் குத்தவைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தால் "புதையல் பார்க்க வந்திருக்கான்" என்று பேச்சு கிளம்பிவிடும். இது வேடிக்கை இல்லை, எனக்கே நடந்திருக்கிறது, அரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் டீக்கடையில் உட்காருங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள், "ஐயா, அந்தக் கல்லு முன்னாடி எங்க இருந்துச்சு" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில் எந்தச் செயற்கைக்கோளிலும் கிடைக்காது. "எங்கப்பா காலத்துல அதுக்கு அந்தாண்ட நாலு வரிசை தென்னை இருந்துச்சு தம்பி" என்று ஒருவர் கடலுக்குள் கை நீட்டிக் காட்டுவார். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் என்றால் நடுகல் பெரும்பாலும் வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கும். செருப்பைக் கழற்றுங்கள், பூசாரியிடம் கேளுங்கள், மஞ்சளையும் எண்ணெயையும் துடைக்க முயலாதீர்கள். அளவு காட்டுவதற்காகச் சாமிக்குப் பக்கத்தில் செருப்பை வைத்துப் படம் எடுத்த ஒரு மகானுபாவனோடு நான் ஒரு தடவை போயிருக்கிறேன், அந்த ஊருக்கு இன்னொரு முறை போகிற துணிச்சல் எனக்கு இல்லை.

அளவுக்கு என்ன வைப்பது என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற 30 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். நாணயம் வேண்டாம், ஒரு ரூபாய்க் காசு அடுத்த தடவை வேறு அளவில் வந்து தொலைக்கும்.

நிலைப்புள்ளி

இந்தக் குறிப்பில் ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கல்லைச் சுற்றி நாலு இடம் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே திசை பார்த்து, அதே உயரத்தில் கேமராவைப் பிடித்து, ஜூம் செய்யாமல் எடுக்க வேண்டும். நெஞ்சு உயரம் எனக்கு வசதி. படத்துக்குள் மாறாத பொருள் ஒன்று கண்டிப்பாக வர வேண்டும்: தேவாலயக் கோபுரம், கிணற்று மேடை, பாறை, தண்ணீர் டேங்க். தென்னை மரத்தை நம்பாதீர்கள், கஜா புயல் எத்தனை தென்னையை ஒரே ராத்திரியில் சாய்த்தது என்று வேதாரண்யம் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். மின்கம்பத்தையும் முழுசாக நம்ப முடியாது, இடம் மாற்றி நடுவார்கள். அதனால் எப்போதும் இரண்டு அடையாளம்.

அடுத்த முறை போகும்போது பழைய படத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, கிணற்று விளிம்பும் கோபுர உச்சியும் பழைய படத்தில் இருந்த மாதிரியே வருகிறவரை முன்னே பின்னே நகருங்கள். முதல் தடவை பத்து நிமிடம் ஆகும். மூன்றாவது தடவை கால் தானாகப் போய் நிற்கும்.

கைபேசி ஜி.பி.எஸ். இடம் காட்டத்தான் லாயக்கு, அரிப்பை அளக்க இல்லை. வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் அப்படி இப்படிக் காட்டும், கரை போனதும் அதே நாலைந்து மீட்டர்தான் என்றால் என்ன கணக்கு எடுப்பது? கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கிற 30 மீட்டர் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லின் ஒரு மூலையிலிருந்து கரை வெட்டுப்பட்டிருக்கிற விளிம்பு வரைக்கும், கிணற்று மேடையிலிருந்து அதே விளிம்பு வரைக்கும் இரண்டு அளவு. டேப் தொய்யாமல் இருக்க இன்னொரு கை வேண்டும், ஒரு பையனைக் கூட்டிப் போங்கள். விளிம்பு என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். புல் முடிகிற இடமா, மண் செங்குத்தாக இறங்குகிற இடமா? நான் முதல் வருடம் ஒன்றையும் அடுத்த வருடம் இன்னொன்றையும் அளந்துவிட்டு, கடல் பின்வாங்கிவிட்டது என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இறக்கிக்கொண்டால் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகத் தள்ளிப் பார்க்கலாம், பல இடங்களுக்கு 2000-களின் தொடக்கத்திலிருந்து படம் உண்டு. ஊர்ப் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) எடுத்து அதன்மேல் ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது, சில இடங்களில் பட்டா நிலமே கடலுக்குள் இருப்பது தெரியும்.

எழுத்து இருந்தால் இருட்டியபின் போங்கள்

பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கல்வெட்டைப் படம் எடுத்தால் வெறும் கல்தான் விழும். சாயங்காலம் இருட்டட்டும். ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல், ஏறக்குறையக் கல்லுக்கு இணையாக, பக்கவாட்டில் பிடியுங்கள். செங்கம் பக்கம் ஒரு நடுகல்லைப் பகலில் இரண்டு தடவை பார்த்து, எழுத்தே இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ராத்திரி ஏழரை மணிக்குப் பூசாரியின் பேரன் விளையாட்டுக்கு டார்ச்சை இடது பக்கத்திலிருந்து அடித்தான், வீரனின் தலைக்கு மேலே வரிவரியாக எழுந்து வந்தது. முதல் வரி "கோவிசைய" என்று தொடங்கியது, அந்தப் பக்கத்துப் பழைய நடுகற்கள் பலவும் அப்படித்தான் தொடங்கும். பையன் டார்ச்சை இறக்கினான், எழுத்து போய்விட்டது, ஏற்றினான், திரும்ப வந்தது. அவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகவே மறுத்துவிட்டான்.

இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று நாலு வெளிச்சத்தில் எடுங்கள். கேமரா அசையக் கூடாது, டார்ச்தான் நகர வேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் செங்கலை அடுக்கி அதன்மேல் கைபேசியை வையுங்கள். ஒரு வெளிச்சத்தில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும், படிக்கத் தெரிந்தவர் நாலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். படிப்பது நம் வேலை இல்லை.

சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மைதா மாவு பூசாதீர்கள், கம்பி பிரஷ் போடவே போடாதீர்கள். உப்பு அரித்த கல்லின் மேல்தோல் வறுத்த ரவை மாதிரி இருக்கும், விரலால் தொட்டாலே கொட்டும், எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். மைப்படி எடுப்பது, அதாவது கல்மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது, பழகிய கைகளின் வேலை, அனுமதியும் வேண்டும். வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டில் மை கலக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

முப்பரிமாண மாதிரி எடுக்க ஆசையா, அதுவும் கைபேசியில் முடியும். கல்லைச் சுற்றி நடந்தபடி அறுபது எழுபது படம், ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால் பங்கு திரும்ப விழ வேண்டும், மேகமூட்டமான நாள் உத்தமம். மெஷ்ரூம் மாதிரி இலவச மென்பொருள் அவற்றைக் கோத்துக் கொடுத்துவிடும். உங்கள் கணினி பழசென்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

எப்போது போவது

வருடத்துக்கு இரண்டு முறை கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி வாக்கில் ஒன்று, முடிந்தபின் தை மாதத்தில் ஒன்று. பல இடங்களில் மழைக்காலத்தில் கடற்கரை மணலைக் கடல் எடுத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். இது தெரியாமல் தையில் ஒரு படமும் ஆடியில் ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். தையைத் தையோடு, புரட்டாசியைப் புரட்டாசியோடு ஒப்பிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறி இறங்கும், எப்போது இறங்கும் என்று மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவதாக, புயலுக்குப் பிறகு. எச்சரிக்கை எல்லாம் விலகி, பாதை திறந்தபின் என்று அர்த்தம், புயல் அடிக்கும்போது அல்ல. கடல் எடுப்பது மட்டும் இல்லை, சில சமயம் காட்டவும் செய்யும். 2004 சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டு, அதைப் பிடித்துக்கொண்டு 2005-இல் தோண்டியபோதுதான் மணலுக்குள் இருந்த முருகன் கோயில் கிடைத்தது, அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். ஸ்காட்லாந்தின் ஸ்காரா பிரே என்ற ஐயாயிரம் வருடக் கிராமம்கூட 1850-இல் அடித்த ஒரு புயல் மணலை உரித்துப்போட்டதில் தெரியவந்ததுதான். புயல் காட்டியதைப் புயலே அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போகலாம், அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

உள்நாட்டுக்காரர்கள் கடல் இல்லையே என்று சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கு வறட்சிதான் கடல். மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், எல்லாரும் போய்ப் படம் எடுப்போம். நனைந்து, காய்ந்து, வெயிலில் வெந்து, திரும்ப மூழ்கி என்று அடிக்கடி மாறுவதைச் செங்கலும் சுதையும் தாங்காது. ஏரி வற்றினால் மடைத்தூணில் எழுத்து தெரியும், அதே வாரம் அந்தத் தூண் யார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்காவது போய்விடும். சித்திரை, வைகாசியில் ஏரிக்குள் நடந்து பாருங்கள். பெருமழைக்குப் பின் ஏரிக்கரை உடைப்பையும் ஆற்றங்கரைச் சரிவையும் பாருங்கள், ஈரமான வெட்டில் உறைகிணற்று வளையம் பளிச்சென்று தெரியும். சரிவுக்கு அடியில் மட்டும் போய் நிற்காதீர்கள்.

கோபுரம், மதில் என்றால் மழைக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து அரசும் ஆலும் எங்கே முளைத்திருக்கின்றன என்று பாருங்கள். விரல் தடிமன் இருக்கும்போது சொல்லிவிட்டால் ஒரு ஆளின் அரை நாள் வேலை. கை தடிமன் ஆகிவிட்டால் வேர் சுதைக்குள் போயிருக்கும், பிடுங்கினால் சுவரோடு வரும்.

எதிலும் கை வைக்காதீர்கள்

தோண்டாதீர்கள். பானை ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள், கிடந்த இடத்திலேயே ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிட்டு விடுங்கள், இடம் மாறிய ஓடு ஊமை. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. சாய்ந்த நடுகல்லை நிமிர்த்தி சிமெண்ட் போட்டு நிற்க வைக்கிறோம் என்று கிளம்புகிற நல்ல மனசுக்காரர்களை எப்படியாவது தடுங்கள். சிமெண்ட் ஈரத்தையும் உப்பையும் உள்ளேயே பூட்டி வைக்கும், பழைய சுண்ணாம்புச் சாந்து மாதிரி மூச்சு விடாது. ஒரு கோயில் திருப்பணியில் அடித்தளக் கல்வெட்டை அழுக்கு என்று நினைத்து மணல் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். எழுநூறு வருட மழை செய்யாததை அரை மணி நேரத்தில் செய்து முடித்தார்கள். என்னிடம் அந்தச் சுவரின் பழைய படம் இருந்தது, அதிலும் பாதி என் நண்பன் தலை.

காவல் இல்லாத இடத்தின் சரியான இருப்பிடத்தை முகநூலில் போடாதீர்கள். நான் ஒரு தடவை பெருமைக்காகப் போட்டேன், முந்நூறு லைக் வந்தது, மூன்று மாதம் கழித்துப் போனால் கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. ஊர்ப்பெயர் வரைக்கும் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், தேதி, இடம் போன்ற உள்தகவலும் போய்விடும். துறைக்காரர்களுக்கு அனுப்பும்போது டாகுமெண்டாக அனுப்புங்கள். ஊருக்குக் காட்டும்போது மட்டும் சாதாரணமாக அனுப்புங்கள், அந்தக் குறையே அங்கே பாதுகாப்பு.

மனு எழுதுவது

இரண்டு மழைக்காலம் அளந்துவிட்டீர்கள், கரை நெருங்குகிறது என்று தெரிகிறது. இப்போது மனு. "நமது பாரம்பரியம் அழிகிறது, ஆவன செய்யவும்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: "மேற்படி கிராமம், புல எண் இன்னதில் உள்ள பழைய செங்கல் சுவர் கடல் அரிப்பால் சரிந்து வருகிறது. 2023 ஜனவரி 22 அன்று சுவருக்கும் கரை விளிம்புக்கும் இடையே 11.40 மீட்டர். 2024 ஜனவரி 21 அன்று 8.15 மீட்டர். இரு தேதிகளிலும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் இணைப்பில். அடுத்த மழைக்காலத்துக்கு முன் தொல்லியல் அலுவலர் நேரில் பார்வையிட்டுப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அளவுகள் உங்களுடையவை, தேதிகள் உங்களுடையவை.

புல எண் (சர்வே நம்பர்) முக்கியம், அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது, வி.ஏ.ஓ.விடம் கேட்டால் சொல்லுவார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு நகல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கு, கோயில் என்றால் இன்னொன்று அறநிலையத் துறைக்கு. கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். கடல் சுவர் கட்டித் தாருங்கள் என்றால் கோடிக்கணக்கு, அது அடுத்த ஊர்க் கரையைத் தின்னும். வந்து பாருங்கள், படியெடுங்கள், முடிந்தால் கல்லை அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு மாற்றுங்கள் என்பது ஒரு அதிகாரி தன் கையெழுத்திலேயே செய்யக்கூடியது. கல்லை ஊரைவிட்டு அனுப்ப ஊர் சம்மதிக்குமா என்பது தனிப் பஞ்சாயத்து. வழிபாட்டில் இருக்கிற கல் என்றால் நான் மாற்றச் சொல்லவே மாட்டேன், பதிவோடு நிறுத்திக்கொள்வேன். எல்லாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டில் இருப்பது

பரண்மேல் இருக்கிற ஓலைச்சுவடி, தாத்தாவின் கிரயப் பத்திரம், பழைய கல்யாணப் படம் இதெல்லாமும் இந்தக் கணக்கில் வரும். வெள்ளம் புகுகிற தெரு என்றால் கீழ் அலமாரியில் எதையும் வைக்காதீர்கள். நனைந்துவிட்டால் ஈரக் காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதற்குள் மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் சுருளும். காயவைக்க நேரமில்லாத அளவுக்குக் கட்டுக்கட்டாக நனைந்திருந்தால் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிய்க்காதீர்கள். சுவடியை மட்டும் நீங்களே எண்ணெய் போட்டுத் துடைக்காமல், பழகியவர்களிடம் காட்டுங்கள்.

சேமிப்பு

கோப்புப் பெயரில் வருடம், மாதம், தேதி, இடம், புள்ளி எண் என்ற வரிசை: 2024-01-21-கிழக்குமேடு-புள்ளி3. வருடம் முன்னால் வந்தால் கணினி தானாக வரிசைப்படுத்திக்கொள்ளும். மூன்று நகல் வேண்டும். ஒன்று உங்களிடம், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஹார்டு டிஸ்க்காக. மூன்றும் ஒரே தெருவில் இருந்தால் வெள்ளத்தில் மூன்றும் போகும். எல்லாருக்கும் தெரிந்த, காவல் உள்ள இடம் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள், நம் காலத்துக்குப் பிறகும் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா இல்லை, பென்சில். பேனா மை மழையில் கரையும். தேதி, நேரம், கூட வந்தது யார், இரண்டு டேப் அளவு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் கண்ணில் பட்ட வித்தியாசம், ஊர்க்காரர் சொன்ன ஒரு வரி. கடைசி வரியில் அடுத்து வரவேண்டிய தேதி. அதை எழுதாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.